பால்காரரின் கோப்பி ஓ

கன்றை அவிழ்த்துவிட்டு, அது நாலு தரம் மடியை முட்டியதும் இழுத்துக் கட்டிவிடுகிறார் கனகராஜ். பிறகுதான் குந்தி உட்கார்ந்து கறக்கிறார். விரலில் பால் பட்டால் மாட்டின் முதுகில் துடைத்துக்கொள்வாரே தவிர, வாயில் வைக்கமாட்டார். கறந்து முடிந்ததும் ஃபிளாஸ்க்கிலிருந்து கோப்பி ஓ ஊற்றிக்கொள்வார். சொட்டுப் பால் விடாத கறுப்புக் கோப்பி. யாராவது கேட்டால், “நான் குடிச்சா மாடு கோவிச்சுக்கும்லா” என்பார். சும்மா சொல்வதுதான். குடித்தால் வயிறு கடமுடா என்று உருளும். அதை வெளியே சொல்ல வெட்கம்.

ஜொகூர் மாநிலத்துச் சாஆ ஊரில் செம்பனைத் தோட்டத்துக்குள்ளே மேயும் பதினோரு மாடுகள் அவருடையவை. பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயில் அபிஷேகப் பால் இருபது வருசமாக அவர் கைப்பால். அதுதான் அவருக்குப் பெருமை. போன வருசம் கோயில் தலைவர் அர்ச்சுனன் கூட்டத்தில் எழுந்து நின்று, “கறக்கிறவரே குடிக்க மாட்டேங்கிறாரு. என்னத்த கலக்குறாரோ! இந்தத் தடவ கடைப் பால் எடுப்போம்” என்று சொல்லிவிட்டார்.

கனகராஜுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தேவார வகுப்புப் பிள்ளைகளுக்காகக் காய்ச்சி வைத்திருந்த தன் பாலிலேயே பெரிய கிளாசில் மொண்டு, எல்லார் முன்னாலும் ஒரே மூச்சில் குடித்தார். அரை மணி நேரம்தான். மண்டபத்துக்குப் பின்னால் ஓடியவர், கூட்டம் கலையும்வரை திரும்பவில்லை.

“அலமாக்! அவரு பாலு அவருக்கே ஆகல!” என்று அர்ச்சுனன் சிரித்தது கக்கூசு வரைக்கும் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் யோகேஸ்வரி வந்தாள். ஜொகூர் பாருவில் ரத்தம் சோதிக்கும் லேப்பில் வேலை. விசயத்தைக் கேட்டுவிட்டு, “பால்ல ஒண்ணும் இல்ல மாமா, உங்க குடல்லதான்” என்றாள். பாலிலுள்ள சர்க்கரையை உடைக்க ஒரு நொதி வேண்டுமாம். அதைச் செய்கிற விதம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எழுதியிருக்கிறதாம். குடலில் இருக்கிற செல்தான் அதைப் படித்துச் செய்யுமாம்.

“தாய்ப்பால் குடிக்கிற வயசுல நல்லாப் படிக்கும். பால் மறந்தப்புறம் கொஞ்சங்கொஞ்சமா படிக்கிறத குறைச்சிடும். எழுத்து அழியாது மாமா, படிக்கிறதுதான் குறையுது. சில குடும்பத்துல அந்த எழுத்துக்கு முன்னால ஒரு சின்ன மாத்தம் இருக்கும். அவங்களுக்குக் கிழவனானாலும் படிக்கிறது நிக்காது.”

“அட! புல்லுக்குப் பழகின கன்னுக்குட்டி மாதிரி நானு” என்றார் கனகராஜ். அப்புறம் சொந்தபந்தங்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். அம்மா கூடப்பிறந்த லெட்சுமணன் மாமா எழுபது வயதிலும் சொம்பு சொம்பாகக் குடித்தவர். அப்பா, பெரியப்பா, இரண்டு அத்தைகள், எல்லாரும் கோப்பி ஓ. அது அவரவர் விருப்பம் என்றே நாற்பது வருசமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்தார். “அன்னிக்கு அதே பாலை நம்ம பிள்ளைங்க பதினாறு பேர் குடிச்சாங்க. யாருக்காச்சும் வயித்த வலிச்சிச்சா?”

ஒருவருக்கும் இல்லை. யோகேஸ்வரி சொன்னதையும் தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னார். பிறகு அர்ச்சுனன் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, உங்க அப்பாவும் பால் இல்லாத தே ஓ, உங்க சித்தப்பாவும் தே ஓ. நீங்க ஏன் பால் விட்ட டீ குடிக்கிறதில்ல?”

அர்ச்சுனன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “அது... வயிறு பொருமும்யா.”

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் அர்ச்சுனனும் சேர்ந்து சிரித்தார். கடைப் பால் பேச்சு அத்தோடு நின்றது.

இந்த வருசமும் கனகராஜின் பால்தான் முருகன் மேல் வழிந்தது. அபிஷேகம் முடிந்து ஐயர் ஆளுக்கொரு கரண்டிப் பால் கொடுத்துக்கொண்டே வந்தார். கனகராஜ் கையில் வாங்கி, நுனி நாக்கில் தொட்டு, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். பக்கத்தில் அர்ச்சுனனும் அதையே செய்தார். பிறகு ஓரமாக வைத்திருந்த தம் ஃபிளாஸ்க்கை எடுத்து, மூடி நிறையக் கறுப்பாகத் தே ஓ ஊற்றி, முதலில் கனகராஜிடம் நீட்டினார்.