ஏழு நிமிஷக்காரரின் விருந்து

பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயர் ஏழு நிமிஷம். இருபத்தாறு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறார். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே கிடைக்கிற ஏழு நிமிஷத்துக்குள் டப்பாவைத் திறந்து, விழுங்கி, கை கழுவி, வண்டியில் ஏறிவிட வேண்டும். விடுப்பு நாளிலும் அந்த வேகம் அவரை விட்டபாடில்லை. தன் கல்யாண விருந்திலேயே, பெண் முதல் வாய் வைப்பதற்குள் மாப்பிள்ளை கை கழுவப் போய்விட்டார் என்றால் மனுஷனை என்னவென்று சொல்வது.

மனைவியோ ஆற அமர ருசித்து, நடுவில் நாலு கதை பேசிச் சாப்பிடுகிற ரகம். கதை கேட்கத்தான் எதிரே ஆளில்லை. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்திருங்க. ஒரே ஒரு தடவை."

இவ்வளவுதானே என்று தலையாட்டினார். இடத்தை அவளே பிடித்தாள். மத்தியதரைக்கடல் நாட்டுச் சாப்பாடு, நீளமான பொது மேசை, உள்ளங்கை அகலத் தட்டுகள்.

முதல் தட்டில் ஐந்தே ஐந்து ஆலிவ். யானைப் பசிக்குச் சோளப்பொரி. தட்டு காலியானால் கை கழுவப் போக வேண்டும் என்பது அவர் கால்களுக்குத் தெரிந்த சட்டம். அவரைக் கேட்காமலே எழுந்து நடந்தன. திரும்பி வந்தால், பரிமாறுபவர் நாப்கினை அழகாக மடித்து வைத்திருந்தார். கொண்டைக்கடலை விழுது வந்தது, எழுந்தார். சுட்ட கத்தரிக்காய் வந்தது, எழுந்தார். ஆக்டோபஸ் வந்தபோது நாற்காலியை இறுகப் பிடித்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

"எட்டுக் கால் இருந்தும் அது தட்டுல சும்மா கிடக்கு," என்றாள் மனைவி. "உங்களுக்கு ரெண்டுதான், அடங்க மாட்டேங்குது."

ஆறாவது தடவை ஈரக் கையோடு திரும்பியபோது அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். வெளியே கூட்டம் காத்திருக்க, மடித்த நாப்கினைப் பார்த்த புதுப் பரிமாறுபவர், ஆள் போய்விட்டார் என்று நினைத்து, தனியாக வந்த பல் மருத்துவரை அங்கே உட்கார வைத்துவிட்டார். ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மெல்லுகிற மருத்துவர்.

"ஆள் வருவாங்களான்னு இவங்ககிட்ட கேட்டேன்," என்று சங்கடத்தோடு எழப் போனார் மருத்துவர். "வருவார், போயிடுவார்னாங்க."

"நீங்க உக்காருங்க டாக்டர்," என்றாள் மனைவி. "நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல. அப்புறம், எங்க ஆபீஸ் லிஃப்ட் பாதியில நின்னுச்சா, உள்ள நானும் மேனேஜரும்தான்..."

அது நடந்து பதினோரு வருஷம். இவருக்கு இப்போதுதான் தெரியும். மேனேஜர் அப்புறம் என்ன செய்தார் என்று தெரியாமல் நகர முடியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நாலு தட்டு, ஐம்பது நிமிஷம்.

கதை முடிந்தது. கடைசி வாயை விழுங்கிவிட்டு மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க இன்னும் போகலையா?"