ஊசி போட்ட இடம்

நடவு தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. அம்மாவின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. எட்டு வருஷத்து வலி, இந்த வருஷம் முற்றிவிட்டது. கை ஓடாதவளை நடவுக்கு யார் கூப்பிடுவார்கள்? அவள் உழைத்தால்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சி. இல்லாவிட்டால் நானும் சேற்றில் இறங்க வேண்டியதுதான். ஒரத்தநாட்டில் ஒரு டாக்டர் புதுவிதமாக ஊசி போடுகிறார் என்று அப்பாதான் விசாரித்து வந்து, எங்கள் இருவரையும் பஸ்ஸில் அழைத்துப்போனார். அவர் மட்டும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டார்.

எங்கள் தெருவில் ஊசி என்றால் வலிக்கிற இடத்தில் போட வேண்டும். அம்மா தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டரோ, “உடம்புல பழைய தழும்பு ஏதாவது இருக்காம்மா?” என்றார். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே என்று எனக்கு எரிச்சல். பழைய தழும்பு நரம்பைத் தொந்தரவு செய்தால் வேறெங்கோ வலிக்குமாம். அம்மாவின் கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு உண்டு. அதைச் சுற்றி மரத்துப்போகவைக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

“இப்ப கையைத் தூக்குங்க.”

தூக்கினாள். தலைக்கு மேல்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மருந்தா, நம்பிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“இது எப்படிம்மா பட்டுச்சு?” என்று தழும்பைக் காட்டிக் கேட்டார் டாக்டர்.

“அறுப்புல என் அருவாதாங்க தவறிப் பட்டுடுச்சு.” எங்களிடமும் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

“உங்க அருவான்னா முன்னாலதானே படும்? இது பின்னாலேர்ந்து வெட்டுனது.”

நானும் அறுப்புக்குப் போனவள்தான். இத்தனை வருஷம் பார்த்த தழும்பு, எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

அம்மா என்னைப் பார்த்தாள். “கூலிச் சண்டை நடந்த வருசம். பண்ணையாரு வெளியூர் ஆளுங்கள அறுப்புக்கு எறக்குனாரு. நாங்க பொம்பளைங்க கொடியோட வயல்ல நின்னு மறிச்சோம். ரெண்டு மா நெலம் குத்தகைக்குத் தர்றேன்னு அவரு ஆசை காட்டவும், உங்கப்பாவும் அந்த ஆளுங்களோட எறங்கிட்டாரு. உங்கப்பா கையிலேர்ந்த கதிரப் புடுங்கிக்கிட்டுத் திரும்புனேன். வெட்டிட்டாரு.”

அந்த இரண்டு மாவில் விளைந்த சோற்றைத்தான் நான் தின்று வளர்ந்தேன்.

வெளியே வந்ததும் அப்பா ஓடிவந்தார். “கை எப்படி இருக்கு?” அம்மா தூக்கிக் காட்டினாள். அவர் முகமெல்லாம் சிரிப்பு. “ஊசி எங்க போட்டாங்க?”

அம்மா குனிந்து காலைக் காட்டினாள்.

சிரிப்பு நின்றது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மாவிடம் மெதுவாக, “சொல்லிட்டியா?” என்றார்.

பஸ்ஸில் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்துவைத்தார். நான் உட்காரவில்லை. ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.