மூன்றாவது விண்ணப்பதாரரின் மூக்கு

தேர்வுக் குழுவில் உறுப்பினராக இருப்பது என்பது, ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒன்றைப் பற்றிக் காப்பி குடித்துக்கொண்டே மரியாதையாகச் சண்டை போடுவது. ஏதாவது ஒரு கமிட்டியில் உட்கார்ந்து வெந்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கதவோர நாற்காலி

எங்கள் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துக் கிளப்புக்குப் புது ஜெனரல் மானேஜர் தேவைப்பட்டார். யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது, யாரை வேறு கிளப்புக்கு மாற்றிவிட்டு யாரை வாங்குவது, எல்லாம் அவர் கையில். முடிவெடுக்கிற கமிட்டிகளில் மாணவர்களுக்கும் இடம் வேண்டும் என்று மொன்றியல் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. நாங்களும் கத்தினோம். ஒரு நாற்காலி கிடைத்தது, கதவோரமாக, காற்று அடிக்கிற இடத்தில்.

எனக்குப் பந்து பிடிக்கக்கூடத் தெரியாது. க்ளோதீனுக்காகத்தான் போனேன். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவரின் மகள், சமூகவியல் வகுப்பில் என் பக்கத்து இருக்கை, பெண்கள் அணியின் உயிர். வலது முழங்காலில் அறுவை செய்திருந்தார்கள். இந்தக் குளிர்காலம் முழுவதும் ஓய்வு, மீறி ஆடினால் பிறகு நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஓய்வைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறவரைத்தான் நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். முதல் கூட்டத்தில் இதைச் சொன்னேன். குழுத் தலைவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "மானேஜரைத் தேடுகிறோம், பெண்ணே. நர்ஸை அல்ல."

தீர்க்கதரிசி

விண்ணப்பித்தவர்களில் முதல் இரண்டு பேர் நேர்காணலுக்கு வந்தார்கள், வியர்த்தார்கள், போனார்கள். மூன்றாமவர் வியர்க்கவில்லை. ஆளைப் பேச்சை வைத்து எடைபோட வேண்டாம், இதுவரை செய்ததை வைத்துப் போடுவோம் என்றார் தலைவர். அட, நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

அவர் செய்ததில் எல்லோரையும் மயக்கியது ஒன்று. முந்தைய கிளப்பில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களைத் திடீரென்று வேறு கிளப்புக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு நல்ல ஆட்களை வாங்கியிருந்தார். அப்படிப் போனவர்களில் ஒருவர்கூட அதன்பின் தேறவில்லை. வாங்கிய கிளப்புகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தன. "அழுகப்போகிற பழத்தை மோந்தே கண்டுபிடிக்கிற மூக்கு!" என்றார் தலைவர்.

செருப்புக் கடை

மூக்கு என்றால் எனக்குச் சந்தேகம். அப்படித் தள்ளிவிடப்பட்ட டோரீன் என்ற பெண் ஊருக்கு வெளியே புவாண்ட்-கிளேரில் ஒரு செருப்புக் கடையில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறிப் போனேன். அவள் முக்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாடிக்கையாளருக்குச் செருப்பு மாட்டிவிட மண்டியிட வேண்டும், அவளால் முடியாது. பக்கத்துப் பெண் வந்து மாட்டிவிட்டாள்.

முழங்கால் வீங்கியபோது மானேஜர் வலி தெரியாமலிருக்க ஊசி போடவைத்து ஆடவிட்டாராம். வெளியே சொல்லாதே, இடம் போய்விடும் என்றாராம். ஊசிக்கும் வலி கேட்காமல் போனதும், அதே வாரத்தில் வேறு கிளப்புக்கு அனுப்பிவிட்டார். அங்கே அவளைச் சோம்பேறி என்றார்கள். இன்னும் இரண்டு பெண்களுக்கும் இதே கதை என்றாள். தலைவர் சொன்ன பழத்தையும் மூக்கையும் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. "மூக்கெல்லாம் ஒன்றுமில்லை. பழத்தை நசுக்கியதே அவர்தான், அவருக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளை விசாரணை

கர்க்லாண்டில் எங்கள் வீட்டில் அந்த வாரம் எனக்கு ஒரு டொராண்டோ என்ஜினீயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையனின் பழைய வீட்டுக்காரர், கூடப் படித்தவர், ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் என்று ஒருவர் விடாமல் அப்பா போனில் துருவிக்கொண்டிருந்தார். அவர் போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏம்ப்பா, எனக்கு ஒருத்தனைத் தேட இவ்வளவு விசாரிக்கிறீங்க. ஒரு டீமையே கையில குடுக்கிற ஆளைப் பத்தி, அவன்கிட்ட அடிபட்டவங்களை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஜெயிச்சிருக்கான் இல்ல?"

"ஜெயிச்சிருக்கான்."

"அப்புறம் என்னடி? வேலையை விட்டு அனுப்பினவங்களைப் போய்க் கேட்டா ஊர்ல ஒருத்தனுக்கும் உத்தியோகம் கிடைக்காது."

கைகள்

கடைசிக் கூட்டத்தில் டோரீன் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். மூன்று பெண்கள், ஒரே மாதிரி ஊசி, ஒரே மாதிரி அனுப்பிவைப்பு. இது தீர்க்கதரிசனம் இல்லை, கெட்டுப்போன சரக்கை நல்லதென்று சொல்லி விற்பது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாமவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வருத்தமாகத் தலையசைத்தார். "டோரீனா? பாவம். முழங்கால் வலி என்று எப்போதும் சொல்லிக்கொண்டே இருப்பாள்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலிக்கிறது என்று அவள் சொன்னாள், இவருக்குத் தெரியும் என்று இவர் வாயாலேயே வந்துவிட்டதே! சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் அனுதாபத்தோடு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியே போனதும் கைகள் உயர்ந்தன, என்னுடையதைத் தவிர. தலைவர் என் பக்கம் திரும்பினார். "பார்த்தாயா, எவ்வளவு பொறுமைசாலி."

க்ளோதீன்

அன்று மாலையே மெட்ரோ வாசலில் க்ளோதீனைப் பிடித்து எல்லாம் சொன்னேன். ஊசி என்றால் முடியாது என்று சொல் என்றேன். எழுதிக் கொடு, சண்டை போடு, நான் இருக்கிறேன் என்றேன். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "நான் முடியாதுன்னா வேற ஒருத்தி ஊசிக்குக் காலை நீட்டுவா. நீ அவளுக்கும் இதே பிரசங்கம் பண்ணுவே."

பனி கொட்டிய மாதங்களில் அவள் ஒரு ஆட்டம்கூட விடவில்லை. அணி ஜெயித்துக்கொண்டே போனது. பனி உருகத் தொடங்கியபோது அவளை ஒட்டாவா கிளப்புக்கு மாற்றிவிட்டு ஓர் உயரமான பெண்ணை வாங்கினார்கள். ஒட்டாவாவில் இரண்டாவது ஆட்டத்திலேயே அவளைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். இப்போது மொன்றியலுக்கே திரும்பி, வகுப்புக்குக் கைத்தடியோடு வருகிறாள்; படியில் நான் பையை வாங்கிக்கொள்கிறேன்.

ஒட்டாவாவிலிருந்து செய்தி வந்த அன்று தலைவரை வளாகத்தில் பார்த்தேன். அவரே நின்று, என் தோளைத் தட்டினார். "கேள்விப்பட்டாயா? சரியான நேரத்தில் அனுப்பிவிட்டார்! நான் சொன்னேனே, என்ன மூக்கு!"

ஒருவர் இதுவரை செய்ததை வைத்து அவரை எடைபோடும் முறை பழுதில்லாமல் வேலை செய்கிறது, தராசைப் பிடித்திருப்பவர்களில் யாரும் நொண்டாதவரை.