பெட்டி இல்லாமல் டயகமவுக்கு

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணி. ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து இருநூறு மீற்றர் மேலே ஒரு விடுதி. அதன் முகாமையாளர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளில் தொங்கிய துணிப்பையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் மழைதான் இருந்தது.

"மத்த பேக்கெல்லாம் கீழ இருக்குங்களா?"

"இல்லை. இவ்வளவுதான்."

"கூட யாரும் வர்றாங்களா?"

"ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "கோச்சுக்காதீங்க. தனியா, பேக் இல்லாம வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்லீங்க. முன்னாடி ஒரு பிரச்சினை ஆயிருச்சு."

என்ன பிரச்சினை என்று நான் கேட்கவில்லை. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். அதிகாலையில் புறப்பட்டு, கண்டியில் பஸ் மாறி, நனைந்து வந்திருக்கிறேன். அடையாள அட்டையை மேசையில் வைத்தேன்.

"என்ர பேர் இருக்கு, விலாசம் இருக்கு, அறைக்காசு மூவாயிரத்து ஐந்நூறும் இந்தா இருக்கு. ஒரு பெட்டிக்குள்ள நாலு கல்லைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்திருந்தா குடுத்திருப்பியளோ?"

"அப்படி இல்லீங்க டீச்சர்..."

"அப்ப எப்பிடி?"

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். நான் வாசல் வாங்கில் உட்கார்ந்தேன். அறை கிடைக்காமல் எழும்ப மாட்டேன் என்று சொன்னேன். இருபது நிமிடம் அவர் கணினியைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் சாவி வந்தது.

பையில் இருந்தது இவ்வளவுதான்: மாற்றுச் சேலை ஒன்று, உள்ளுடுப்பு, துவாய், பல்துலக்கி, தொலைபேசி சார்ஜர், இரத்த அழுத்த மாத்திரை. புறப்படும்போது மச்சாள் ஒரு பெரிய பெட்டியையே அடுக்கிவைத்திருந்தா. கம்பளி, போர்வை, பிஸ்கற், ஒடியல்மா, வழியில் வேண்டுமென்று ஒரு சுடுதண்ணிப் போத்தல். அதை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். "வெறுங்கையோட வீடு குடிபுகுதலுக்குப் போறதே?" என்று அவ கத்தியது ஒழுங்கை முடியும்வரை கேட்டது.

தொண்ணூற்றைந்தில், போர் துரத்த, ஊரோடு இடம்பெயர்ந்து நடந்தபோது எனக்கு இரண்டு கையிலும் பெட்டி. நெருக்கத்தில் அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தா. அது எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது. ஆறு மணி நேரம் கழித்து, ஒரு மரத்தடியில், யாரோ கொடுத்த தண்ணீரோடு அம்மாவைக் கண்டேன். அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்று இன்று எனக்கு ஞாபகமில்லை. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டார் மூன்று நாள் பயணத்துக்கு மூன்று மாதத்துச் சாமான் கட்டுகிறார்கள். நான் கட்டுவதில்லை.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குப் பஸ் ஏறினேன். தலவாக்கலையில் இறங்கி டயகம பஸ். லிந்துலை தாண்டியதும் பாதை ஒடுங்கியது, பஸ் நிறைந்தது. மாமூட்டை, கோழிக்கூடு, ஒருவர் மடியில் சமையல் வாயு சிலிண்டர். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெண் என் ஊரைக் கேட்டார், பிறகு பையைப் பார்த்தார்.

"அவ்ளோ தூரத்திலருந்து இந்த ஒரு பையோடயா வர்றீங்க? ஊட்டுல சண்டையா?"

"சண்டைதான். பெட்டியோட."

அவர் குலுங்கிச் சிரித்தார். அக்கரப்பத்தனையில் இறங்கும்போது கையில் இருந்த கொய்யாப்பழம் ஒன்றை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

பத்தரைக்கு டயகமவில் இறங்கினேன். பிலோமினா குடையோடு நின்றாள். பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இந்தத் தேயிலைத் தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பில், லயத்தில் பிறந்து, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் படித்து ஆசிரியையானவள். கல்யாணமாகியும் அதே லயம்தான். இப்போது அரசாங்க வீட்டுத் திட்டத்தில் அவர்களுக்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு. அதற்குக் குடிபுகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

"நல்ல வேளை, கை சும்மா இருக்கு," என்றாள். "வா, தூக்கு."

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். வீடுகள் கட்டி நான்கு மாதம். நாடா வெட்டப் பெரிய ஆள் ஒருவர் வரவேண்டுமாம். திகதி மூன்று முறை தள்ளிப்போயிற்று. போன வாரம், சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கென்று சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அடிச்சு முடிச்சுட்டோம். சாவியத் திருப்பிக் குடுக்கப் போறதில்ல. நாலு மணிக்கு ஃபாதர் வர்றாரு, வீட்ட மந்திரிக்க."

லயத்திலிருந்து புது வீட்டுக்கு அறுநூறு மீற்றர் ஏற்றம். பையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு அரிசி மூட்டை, பானைகள், பாடப்புத்தகக் கட்டு, மாதா படம் என்று ஐந்து நடை நடந்தேன். ஆறாவது நடைக்கு இரும்பு அலுமாரி. நான்கு பேர்: பிலோமினா, அவள் கணவர் அந்தோனி, பக்கத்து வீட்டுக்காரர், நான்.

பாதி ஏற்றத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே நின்றது. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர்.

"யாரக் கேட்டு சாமான் ஏத்துறீங்க? தெறப்பு விழா இன்னும் நடக்கல."

"வீட்டத் தெறக்கத்தானே விழா?" என்றாள் பிலோமினா. "நாங்க தெறந்துட்டோங்க."

"பேரு வீட்டு லிஸ்ட்ல இருந்து போயிரும் டீச்சர். அப்பறம் என்னைச் சொல்லக்கூடாது."

அந்தோனியின் கை தளர்ந்தது. அலுமாரியின் பாரம் என் மூலைக்குச் சாய்ந்ததில் எனக்கு அது தெரிந்தது. "பிலோ, திங்கக்கிழம பாத்துக்கலாமா?" என்றார் மெதுவாக.

"பேர வெட்டுறதுன்னா எழுத்துல வெட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க," என்றாள் அவள், கிளாக்கரைப் பார்த்தபடியே. "அந்தோனி, கைய விடாதீங்க."

கிளாக்கர் என் பக்கம் திரும்பினார். "இது யாரு?"

"சாமான் தூக்க வந்தனான்," என்றேன். "வழியை விடுங்கோ தம்பி, பாரமாய் இருக்கு."

அவர் தொலைபேசியில் எங்களைப் படம் எடுத்தார். பிறகு வண்டியை ஓரம் எடுத்தார்.

அந்த அலுமாரி கதவுக்குள் நுழைந்தபோது என் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. மூன்றரை மணிக்கு எதிர் வீட்டுக்காரர் மெத்தையோடு ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சில குடும்பங்கள். ஃபாதர் வந்தபோது ஒரு வீட்டை மந்திரிக்க வந்தவர் ஐந்து வீட்டை மந்திரித்தார்.

ஆறு மணிக்குத் தேத்தண்ணி குடிக்கையில் என் துணிப்பைப் பெருமையை அவளுக்கு அவிழ்த்தேன். சாமான் குறையக் குறைய மனிதருக்கு விடுதலை என்றேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒனக்கு அது ஆசை கௌரி. எங்க ஆளுங்க அந்தக் காலத்துல இந்தியாவிலருந்து இந்த மலைக்கு ஒரு மூட்டையோட வந்தாங்க. அதச் சொல்லிச் சொல்லியே, இவங்களுக்கு இவ்வளவு போதும்னு முடிவு பண்ணிட்டாங்க."

எனக்கு எது வேண்டாம் என்று நானே தீர்மானித்தேன். அவளுக்கு எது போதும் என்று வேறு யாரோ தீர்மானித்தார்கள். முகாமையாளரிடமும் மச்சாளிடமும் வாதாடிய வாய் அந்தப் புதுச் சுவருக்கு முன்னால் மூடிக்கொண்டது. குளிரிலும் தோற்றுப்போனேன். அவளுடைய கம்பளிச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் நித்திரை கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நின்றோம். ஆபீஸிலிருந்து ஒருவரும் வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை பெயரும் வெட்டப்படவில்லை, நாடாவும் வெட்டப்படவில்லை.

கரட், லீக்ஸ், இரண்டு கிலோ தேயிலை என்று ஒரு சாக்கைக் கட்டி நீட்டினாள். ஒரு பிடி தேயிலையை மட்டும் எடுத்துக்கொண்டு சாக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

"திமிருடி ஒனக்கு. அடுத்த தடவ பெட்டியோட வா. இப்ப வைக்க எடம் இருக்கு."

"பெட்டி கொண்டுவர மாட்டன். உன்ர அலுமாரியில எனக்கு ஒரு தட்டு ஒதுக்கி வை. இரண்டு சேலையை அங்கேயே விட்டிட்டு வாறன்."

பஸ் உறுமியது. அவள் சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு யன்னலுக்குக் கீழே கூடவே ஓடிவந்தாள்.

"மேல் தட்டா, கீழ் தட்டா?"