ஏரிக்கரையில் ஒரு நேர்முகத் தேர்வு

முப்பத்திரண்டு வருஷம் கம்பெனிக்கு ஆள் எடுத்தவர், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் பால்காரரை வாசலில் நிறுத்தி, "உங்க பலவீனம் என்னன்னு சொல்லுங்க" என்று கேட்டார்.

"காலையில எந்திரிக்கிறதுதாங்க" என்றார் பால்காரர்.

மனுஷனை வீட்டோடு வைத்திருந்தால் தெருவே பகையாகிவிடும் என்று மனைவிக்குப் புரிந்துவிட்டது. மகள் வாங்கிக் கொடுத்து அலமாரியில் கிடந்த கேமராவை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள். "ஏரிப் பக்கம் போய் நாலு பறவைய எடுத்துட்டு வாங்க."

எடுத்துவந்தார். அதோடு பித்துப் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு மேஜை நிறையப் படங்களைப் பரப்புவார். "இவன் கண்ணப் பாத்துப் பேசமாட்டான்" என்று ஒரு கொக்கைத் தள்ளிவைப்பார். அவள் காய்களை மடியில் வைத்து நறுக்கினாள்.

ஏரியின் மறுகரை வேலி போட்ட சரணாலயம். மீன்கொத்தி அங்கேதான் இருந்தது. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த சரணாலயக் காவலர் மெல்ல நிமிர்ந்தார்.

"உக்காருங்க சார். பத்தொன்பது வருஷம் முன்னாடி ஸ்டோர் கீப்பர் வேலைக்கு உங்ககிட்ட வந்தேன். தகவல் சொல்லி அனுப்புறோம்னீங்க. இன்னும் வரல."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காவலர் பேனா மூடியைக் கழற்றினார். "சரி, இந்த ஏரிய எதுக்குத் தேர்ந்தெடுத்தீங்க? அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

"வீட்லதான்."

"தகவல் சொல்லி அனுப்புறோம்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "ரெண்டாவது கேள்வில சொதப்பிட்டேன்டி" என்றார். அவரை இப்படி அவள் பார்த்ததே கிடையாது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "முதுக நிமித்துங்க. கைய ஆட்டாதீங்க" என்று பழக்கினாள். அடுத்த வாரம் டை கட்டிக்கொண்டு போனவர், தற்பெருமை அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்டார்.

மூன்றாம் முறை அவளும் கூடப் போனாள். காவலர் பலவீனத்தைக் கேட்டார். இவர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"வர்றவங்கள பாத்த மாத்திரத்துல எடை போட்டுடுவேன். உங்களையும் அப்படித்தான் போட்டேன். தப்பு."

 காவலர் முத்திரையை எடுத்துக் குத்தினார். "ஆறு மாசம் தகுதிகாண் காலம். ஒழுங்கா நடந்துக்கிட்டா நிரந்தரம்."

நிரந்தரமாக்கப்பட்டார். பதினோரு வருஷம் அவரும் காவலரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மீன்கொத்திக்குக் காத்திருந்தார்கள். அது வந்தபோதெல்லாம் படத்தில் நீலமாக ஏதோ ஒன்று கலங்கித் தெரிந்தது. ஒரு மத்தியானம் அந்தப் பெஞ்சிலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காவலர்தான் வீடுவரை கூட வந்தார்.

இரங்கல் விளம்பரத்துக்குப் படம் தேடினால், நாற்பதாயிரம் படங்களில் அவர் இருந்தது ஒன்றே ஒன்றில்தான். சேற்றில் ஒரு நாரை. அதன் பக்கத்தில் தொப்பியும் கேமராவுமாக அவர் நிழல். அவள் அதையே பத்திரிகை அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள்.

"அம்மா, இதுல சார் யாரு?" என்றார் விளம்பரப் பிரிவுக்காரர்.

"நாரை இல்லாதது."

படம் வெளியான அன்று பழைய கம்பெனியிலிருந்து மேலாளர் ஒருவர் போன் செய்தார்.  "பேப்பர்ல பாத்தேம்மா. கடைசி காலத்துல சார் ரொம்ப இளைச்சுட்டார் போல."

"ஆமாங்க, சரியாவே சாப்பிடல" என்றாள் அவள்.