சப்பையான குழாய்

ஜப்பான்காரன் காலத்தில் ஈப்போ ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டி நின்றுபோனது. மூன்று நாளில் ஓட வைக்காவிட்டால், பழுது பார்க்கிற என் பெயர், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைப் பட்டியலில் ஏறும் என்று சொல்லிவிட்டுப் போனான் ஜப்பானிய மேற்பார்வையாளன். சொன்னால் செய்கிற ஆள்.

கசிவை அடைத்தாயிற்று. குளிரவைக்கும் வாயுவை நிரப்புவதற்கு முன் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். ஈரம் மிஞ்சினால் உறைந்து வழியை அடைத்துவிடும். ஊரில் மிச்சமிருந்ததோ ஒரே ஒரு சிலிண்டர் வாயு. அது வீணானால் சயாம்தான்.

இரண்டு பம்ப் கிடைத்தன. ஈயச் சுரங்கத்துப் பம்பைத் தூக்க நாலு பேர் வேண்டும். மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்துப் பம்ப் பூசணிக்காய் அளவு. எல்லாரும் பெரியதைக் காட்டினார்கள். நான் சின்னதை எடுத்தேன். பெரியது வேகமாக இழுத்துப் பாதியில் நின்றுவிடும், சின்னது மெதுவாக அடிவரை இழுக்கும். இது தெரிந்தவன் ஈப்போவிலேயே நான் ஒருவன்தான் என்ற திமிர் எனக்கு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

பம்பைப் பெட்டியோடு இணைக்கத்தான் குழாய் இல்லை. ரப்பருக்கா பஞ்சம்? செமோர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் விற்க வழியில்லாமல் அடுக்கிக் கிடந்தது. அங்கே ஷீட் போட்டுக்கொண்டிருந்தவள் என் மனைவி. ஈர ஷீட்டை மூங்கில் கழியில் சுற்றி, புகையில் காயவைத்து, குழாயாக உருவிக் கொடுத்தாள்.

பம்பை ஓட்டினேன். அரைநாள் பிடிக்க வேண்டிய வேலை. பம்பின் மேலிருந்த அழுத்தமானியின் முள் ஒரே நிமிடத்தில் அடியைத் தொட்டது.

"பாத்தியா, சின்னது செய்ற வேலைய!" என்று குதித்தேன்.

மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்திருந்த மனைவி குழாயையே பார்த்தாள். "என்னாங்க, குழாய் சப்பையா ஒட்டிக் கிடக்கு. காத்து எது வழியா வரும்?"

"ஒன் வேலையப் பாருலா!" என்று எரிந்து விழுந்தேன்.

சிலிண்டரைத் திறக்கக் கைவைத்த பிறகுதான் குழாயைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. முள் காட்டியது பம்பின் வயிற்றில் காற்று தீர்ந்ததை மட்டும். பெட்டிக்குள் காற்று அப்படியே இருந்தது.

அவள் பழைய கோழிக்கூண்டுக் கம்பியைப் பிரித்து, சுருளாக்கிக் குழாய்க்குள் நுழைத்தாள். இந்த முறை முள் சோம்பேறித்தனமாகச் சாயங்காலம் வரை இறங்கியது. பம்பை நிறுத்திய பிறகும் முள் ஏறவில்லை, கசிவு இல்லை. நிம்மதியாக வாயுவைத் திறந்தேன். மறுநாள் காலையில் பெட்டிச் சுவரில் வெள்ளையாகப் பனி. அந்தச் சந்தோஷம் இன்னும் கையில் குளிர்கிறது.

மேற்பார்வையாளன் பனியைத் தொட்டுப் பார்த்தான். இந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும், வேலைச் சீட்டு தருகிறேன் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டான். சீட்டு இருந்தால் சயாமும் இல்லை, அரிசியும் உண்டு. ஒருத்தன் போதும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ரெண்டு பேரு" என்றேன்.

மற்றவன் எங்கே என்றான். கிழங்கு கொண்டுவந்த தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவளைக் காட்டினேன்.