சிவப்பு விளக்கில் கதைத்தவர்

வெள்ளவத்தையில் நான் ஏறிய ஆட்டோவின் சாரதி, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் எஞ்சினை நிறுத்திவிடுவார். அப்போது மட்டும்தான் கதைப்பார். நடுத்தர வயது, மெலிந்த உடம்பு, படிய வாரிய தலை.

வெளிநாட்டு விருந்தினர்களுக்குக் கொழும்பை ஒரே நாளில் சுற்றிக்காட்டும் திட்டம், அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். திட்டம் திறமாக அமைய வேண்டும். வழிநெடுக மேலாளருக்கு இடங்களின் பட்டியலைத் தொலைபேசியில் வாசித்தேன்: வெள்ளவத்தைக் கோயில், பம்பலப்பிட்டிக் கடற்கரை, கொட்டாஞ்சேனைத் தேவாலயம்.

பொரளையில் சிவப்பு விழுந்தது.

"கிராண்ட்பாஸைப் போடல்லையா மிஸ்? கோயில், பள்ளிவாசல், புத்த பன்சலை எல்லாம் கிட்டக்கிட்ட இருக்கே."

"அங்க பார்க்க ஒண்டும் இல்ல அண்ணே."

கிராண்ட்பாஸ் என்றால் சேரி என்று ஆட்கள் முகம் சுளிப்பார்கள்; அதனால் யார் கேட்டாலும் என் வீடு பக்கத்துக் கொட்டாஞ்சேனை என்பேன். அங்கே இறங்கி கிராண்ட்பாஸுக்கு நடந்துவிடுவேன். அன்று அடைமழை, கையில் மடிக்கணினி.

கொட்டாஞ்சேனைச் சிவப்பு விளக்கில் நின்றபோது, "இன்னும் கொஞ்சம் போகணும்," என்றேன். "கிராண்ட்பாஸ்."

அவர் சிரிக்கவில்லை.

"எங்கட வீடும் அங்கதான். மகள் ஸ்கூல்ல கொட்டாஞ்சேனை எண்டு சொல்லியிருக்கா. எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குத் தெரியாது."

திட்டத்தில் கிராண்ட்பாஸை அன்றே சேர்த்தேன். என் அப்பாவுக்கும் தெரிந்திருக்குமோ என்று மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.